வேலை நிலைக்குமா என்பதைப் பணி ஆணையில் பாருங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் வீடுதோறும் எழுகிற கேள்வி, எந்தப் படிப்பு படித்தால் வேலை நிலைக்கும் என்பது. அதற்கு ஊர் சொல்லிவந்த பதில்கள் ஒவ்வொன்றாகப் பொய்த்துவிட்டன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. முன்னது வரி வழக்கில் சிக்கியதால் மைக்ரோசாப்டுக்குக் கைமாற முடியாமல் போனது. பின்னது நிறுவனத்தின் தொடர் நஷ்டத்தால் நின்றது. வேலை செய்தவர்களின் திறமைக்கும் இந்த இரண்டு முடிவுகளுக்கும் சம்பந்தமே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து எந்தத் துறை பிழைத்திருக்கும் என்பதை அந்தத் துறையை நடத்துகிறவர்களாலேயே சொல்ல முடியாதபோது, பதினேழு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? ஆனால் வேலை போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதைச் சேரும் நாளிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அதைத் தீர்மானிப்பது துறையைவிட, நிரந்தரமா குறித்த கால ஒப்பந்தமா என்று பணி ஆணையில் உள்ள வகைதான். ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு, காலம் முடிந்து வெளியே போவது ஆட்குறைப்பாகாது, இழப்பீடும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தந்திருப்பது நல்ல மாற்றம். அதே தொகுப்புகள், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டன. 250 பேர் உள்ள ஆலைக்கு இனி அந்த அனுமதி தேவையில்லை. ஐடி நிறுவனங்களுக்கு அது முன்பும் இல்லை. முன்னறிவிப்பும் இழப்பீடும் மட்டும் அங்கும் பொருந்தும். ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியது.

இந்த உரிமைகளைப் பெரும்பாலும் பறிப்பது சட்டமல்ல, ஊழியரின் கையெழுத்து. மனிதவளத் துறையினர் அறைக்குள் அழைத்து, ‘நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழில் கறை இருக்காது’ என்பார்கள். கையெழுத்திட்ட நொடியில் அது ஆட்குறைப்பு என்ற வகையிலிருந்தே நழுவிவிடுகிறது. அவசரப்படாமல், யோசிக்க நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். மிரட்டினால் அதையும் தேதியுடன் எழுதிவையுங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளைத் தாண்டவிட்டால் அந்தக் கதவு அடைபடும். ‘மேனேஜர்’ என்ற பட்டம் இருப்பதால் நமக்கு உரிமையில்லை என்று ஒதுங்குகிறவர்கள் பலர். பட்டத்தைவிட, உண்மையில் செய்த வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

அரசு வேலையே போதும் என்பார்கள். 2024 குரூப் 4 தேர்வின் முதல் அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். முயலட்டும், ஆனால் அதை மட்டுமே நம்பி ஐந்தாறு ஆண்டுகளைக் கரைப்பதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? திறமை இருந்தால் சட்டம் எதற்கு என்போரும் உண்டு. திறமை அடுத்த வேலையைத் தேடித்தரும்; அது கிடைக்கும்வரை வாடகையும் கடன் தவணையும் காத்திருக்காது. ஃபோர்டின் நிரந்தரத் தொழிலாளர்கள் சங்கமாக நின்று பேசியதால்தான் சட்டம் சொல்லும் 15 நாளைவிடப் பல மடங்கு தொகை பெற்றார்கள். புதிதாகச் சேரும் பையனால் பேரம் பேச முடியுமா என்பது நியாயமான கேள்வி, பெரும்பாலும் முடியாது. ஆனாலும் சம்பளம் கொஞ்சம் கூடுதலாகத் தரும் ஒப்பந்த வேலையையும், குறைவாகத் தரும் நிரந்தர வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சேர்ந்த மறுமாதமே பிஎஃப் கணக்கில் நிறுவனத்தின் பங்கு விழுந்திருக்கிறதா என்றும் செல்போனிலேயே பார்த்துவிடலாம்.