ஊர் எல்லைக்குள் ஓடிய பணம்

1914-ஆம் வருஷம் யுத்தம் மூண்டவுடன், நோட்டுக்குத் தங்கம் கொடுக்கும் வழக்கத்தை ஜெர்மனியின் மத்திய வங்கி நிறுத்திவிடவே, தங்கமும் வெள்ளியும் கைவசம் இருப்பதே க்ஷேமம் என்று கருதிய ஜனங்கள் நாணயங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சம்பளப் பட்டுவாடாவுக்கும் சந்தைச் செலவுக்கும் சில்லறையின்றித் திண்டாடிய நகரசபைகள் பல, ஆகஸ்டு மாதத்திலேயே, முத்திரையும் கையொப்பமும் இட்ட காகிதத் துண்டுகளைப் பணமாக வெளியிடத் துணிந்தன. யுத்தம் நீள நீள உலோகத்துக்கே பஞ்சம் வந்தது. பீரங்கிக் குண்டு குழலுக்குள் சுழன்று பாய அதன் இடுப்பில் செம்புப் பட்டை வேண்டும். எஃகுக் கவசம் உறுதி பெற நிக்கல் வேண்டும். சர்க்கார் இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்துப் பார்த்தும் போதாமல், ஊர்க் காகிதம் பெருகிற்று.

மட்டமான பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்ற கிரெஷாம் விதிக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் கிடைப்பது அரிது. ஆயினும் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. உருக்கவோ, வேற்றூரில் விற்கவோ, பதுக்கவோ ஏதுமில்லாத அக்காகிதம், அக்காரணத்தாலேயே ஓயாமல் கைமாறிற்று. வரியாகக் கொண்டுபோனால் நகரசபையே அதை வாங்கிக்கொள்ளும் என்ற தைரியந்தான் அதற்குப் பக்கபலம்.

வேடிக்கையெல்லாம் சமாதானத்துக்குப் பிறகுதான். சேகரிப்போரின் ஆசையை உத்தேசித்தே, 1920 முதல் நகரங்கள் வண்ணச் சித்திரங்களுடன் வரிசை வரிசையாக நோட்டுகளை அச்சிட்டன. ஹாமெல்ன் நகரம் எலிகளை மயக்கிய குழலூதியின் கதையை வரைந்தது. துணி நெசவுக்குப் பேர்போன பீலெஃபெல்டு பட்டிலும் லினனிலும் வெல்வெட்டிலும் அச்சிட்டது. மைசன் பீங்கான் ஆலையோ செங்கபில நிறச் சுடுமண்ணில் காசே செய்து கொடுத்தது. ஆல்பத்தில் குடிபுகுந்த நோட்டு கஜானாவுக்குத் திரும்புவதில்லையாதலால், அச்சுக் கூலி போக மீதியெல்லாம் நகரசபைக்கு ஆதாயம். எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தைக் கடன் கொடுத்தவனே கண்ணாடி போட்டு மாட்டிவைத்துக் கொள்வானானால், எந்தக் கடனாளிதான் சித்திரக்காரனைத் தேடமாட்டான்!

1922-இல் சர்க்கார் இவற்றைச் சட்டமிட்டுத் தடுத்தும், மறு வருஷமே, ஏறும் விலைவாசிக்கு மத்திய வங்கியின் நோட்டுகள் ஈடுகொடுக்க இயலாமல், நகரங்களும் ரயில்வேயும் ஆலைகளும் மறுபடி அச்சு இயந்திரத்தை நாடின. இம்முறை பழைய பக்கபலம் பெரும்பாலும் இல்லை. வசூலான வரியே செலவழிப்பதற்குள் மதிப்பிழந்தது. நவம்பர் மாதத்தில் ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தபோது, அதில் ஒன்றுக்கு ஒரு லட்சம் கோடி காகித மார்க்குகள் ஈடாயின.