எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது?

கச்சிராயபாளையம் சாலையில் அப்பா கட்டிய வீட்டை, அவர் காலத்துக்குப் பிறகு, கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்கு விட்டுவருகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணை, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் இரவு இங்கே தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவார்கள். மேகம் அருவி, பெரியார் அருவி பார்த்துவிட்டுச் சிலர் திரும்பும்போதும் வந்து தங்குவார்கள். வீட்டைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, சாவி கொடுத்து வாங்குவதெல்லாம் பக்கத்து ஊரிலிருந்து வரும் ஓர் அக்கா. அம்மா இருந்த காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கம். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, வந்திருந்த குடும்பத்திடமிருந்து போன். கட்டிலுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம், இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவியது. அறையின் நான்கு மூலையிலும் கல் உப்பு. குழந்தை அந்தப் பழத்தை எடுத்து வைத்து விளையாடியிருக்கிறது. “யாருக்கோ கழிச்சதை எங்க புள்ள தொட்டுடுச்சே” என்று அந்த அம்மா போனிலேயே அழுதார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ராத்திரியிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் தேடிப் போனார்கள்.

மறுநாள் காலையில் அக்காவிடம் கத்தினேன். “இந்த மூடநம்பிக்கையெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்கோங்க” என்றேன். அவர் பதிலுக்குக் குரல் உயர்த்தவில்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, போன வாரம் வந்தவங்கள்ல ஒரு பொண்ணு ராவெல்லாம் அழுதுது. காலையில நான் வரும்போதும் அழுதுக்கிட்டுதான் வண்டி ஏறுச்சு. அழுத வீட்ட அப்படியே அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமா? அதான் கழிச்சன். சாயந்திரம் எடுத்தும் போயி முச்சந்தியில போடலாம்னு இருந்தன். நீதான் போன் பண்ணி, ஆளு வந்துட்டாங்க, சாவியக் குடுத்துட்டுக் கெளம்புன்னு சொன்ன.”

சொன்னது நான்தான். அன்றைக்கு அவசரப்படுத்தியதும் நான்தான்.

அவர் போன பிறகு வாசலில் நின்றேன். நிலைப்படிக்கு மேலே கண் திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. மீசையும் கோரைப்பல்லும் வரைந்தது. கிரகப்பிரவேசத்தன்று அப்பா கட்டியது, வருடா வருடம் நான் மாற்றுவது. உள்ளே பூஜை அறை ஈசான்ய மூலையில் இருக்கிறது. சமையலறை அக்கினி மூலையில். ‘பூஜை அறைக்குள் செருப்புடன் செல்ல வேண்டாம்’ என்று அச்சடித்து ஒட்டியிருப்பதும் என் கைதான். வீட்டுக்காரன் நம்பிக்கை செங்கல்லும் சிமெண்டுமாக வீடு முழுக்க நிற்கிறது. அதற்கு வாஸ்து என்றும் ஐதீகம் என்றும் பெயர். வந்து தங்கியவரின் நம்பிக்கைக்குப் பயந்து நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெருக்கித் துடைக்கிறவரின் நம்பிக்கைக்கு மட்டும் மூடநம்பிக்கை என்று பெயர் வைத்தேன். அன்று என்னைக் குடைந்தது இதுதான். இந்தக் கட்டுரை எழுதுவதும் இதனால்தான்.

உலகம் முழுக்க விடுதித் தொழில் விருந்தாளியின் நம்பிக்கைக்கு இடம் ஒதுக்கியே வளர்ந்திருக்கிறது. எத்தனையோ நாடுகளில் ஓட்டல் லிஃப்டில் 13-ஆம் எண் இருக்காது, பன்னிரண்டுக்கு அடுத்து பதினான்கு. சீன வழக்கம் உள்ள ஊர்களில் நான்காம் எண்ணைத் தவிர்க்கிறார்கள், அந்த எண்ணின் ஓசை சாவு என்ற சொல்லை நினைவூட்டுவதால். மலேசியாவில் அறைக் கூரையிலேயே தொழுகைத் திசைக்கு அம்புக்குறி ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் கிடியன்ஸ் அமைப்பு 1908 முதல் ஓட்டல் அறைகளில் பைபிள் வைத்துவருகிறது. இவை எதுவும் நிர்வாகத்துக்குத் தொந்தரவாகத் தெரிந்ததில்லை. காசு கொடுப்பவரின் நம்பிக்கை சேவையாகிவிடுகிறது. கூலி வாங்குபவரின் நம்பிக்கைதான் புகாராகிறது.

இது தலைகீழாக நடக்கும் ஊரும் உண்டு. பாலித் தீவில் ஓட்டல் பணியாளர்கள் தினமும் ஓலைத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து வாசலிலும் படியிலும் படைக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். நியெபி என்னும் மௌன நாளில் விமான நிலையம் உட்பட தீவு முழுவதும் 24 மணி நேரம் அடங்கிவிடும். தங்கியிருக்கும் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்காகப் பயணிகள் பாலிக்கு வராமல் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இதைவிடப் பழைய கதை இருக்கிறது. திருக்கோவிலூரில் ஒரு மழை இரவு, பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவு இடம். பூதத்தாழ்வார் வருகிறார், இருவரும் உட்கார்கிறார்கள். பேயாழ்வார் வருகிறார், மூவரும் எழுந்து நிற்கிறார்கள். அந்த இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள், அது பெருமாள் என்று கண்டுகொண்டார்கள் என்பது வைணவ மரபு. ஓர் இரவு தங்க வந்தவர்களின் கதைகளில் எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. முன்பின் தெரியாதவர்கள் படுத்து எழுந்து போகும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நிற்கிறது என்று நினைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அக்கா நினைத்ததும் அதைத்தான். அவருக்கு அது பெருமாளாகத் தோன்றவில்லை, ஒரு பெண்ணின் அழுகையாகத் தோன்றியது.

மலை மேல் போனால் விஷயம் இன்னும் கனமாகிறது. கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையில் வாழ்வதால் வந்த பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இருப்பது இதே மக்கள்தான். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று ஜாகிர்தார்கள் கையில் நெடுங்காலம் இருந்த மலை இது. 1976-இல்தான் அரசு நேரடியாக ஏற்றது. சேலம் மாவட்டப் பக்கம் கோவில்புத்தூரில் இருக்கும் கரியராமர் இவர்களுக்குப் பெரிய சாமி. கீழ்நாட்டிலிருந்து போய் அங்கே தங்கும் வீடு போடுகிறவர், வேலைக்கு வைத்துக்கொள்வது அந்த மலையின் பிள்ளையை. வீட்டுக்குத்தான் இவர் சொந்தக்காரர், அந்த மண்ணுக்கு இவர் விருந்தாளி. எந்த மரத்தடியில் செருப்போடு நிற்கக் கூடாது, எந்தச் சுனையில் சோப்பு போடக் கூடாது என்று துடைக்க வரும் பெண் சொன்னால், அதை வீட்டு விதிகளோடு சேர்த்து எழுதி ஒட்டுவதுதான் முறை. தங்க வருகிறவர்களுக்கும் அது பிடிக்கும். அருவியைப் பார்க்க வந்தவர்கள் அந்த அருவியை யார் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்றும் தெரிந்துகொண்டு போவார்கள்.

சரி, நம்பாதவர் என்ன செய்வது? என் நண்பர்களில் பெரியார் வழி வந்தவர்கள் உண்டு. “நீயே இதை ஊக்குவிக்கிறாயா?” என்று கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் பெரியார் மேடையில் நின்று, எதிரே உட்கார்ந்திருப்பவன் எழுந்து மறுத்துப் பேசலாம் என்ற நிலையில் பேசினார். மாதக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுத்துப் பேச முடியாத ஒருவரிடம் நான் பேசுவது பகுத்தறிவுப் பிரச்சாரம் ஆகாது, மிரட்டல்தான். வேறு சிலர் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானக் காரணம் கண்டுபிடித்துத் தருகிறார்கள்: எலுமிச்சை கிருமியைக் கொல்லும், உப்பு ஈரத்தை உறிஞ்சும் என்று. அதுவும் எனக்கு உவப்பில்லை. அக்கா கிருமிக்காகப் பழம் வெட்டவில்லை. அவர் சொன்ன காரணத்தை ஒதுக்கிவிட்டு நம் காரணத்தை அவர் வாயில் திணிப்பதும் ஒரு வகை அவமதிப்பே.

இதில் எனக்கு வழிகாட்டியது உச்ச நீதிமன்றத்தின் 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்பது கேள்வியல்ல, அதைக் கொண்டிருப்பவர் மனசாட்சியோடு உண்மையாகக் கொண்டிருக்கிறாரா என்பதே கேள்வி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அரசமைப்பின் 25-ஆம் பிரிவு பற்றிய பெரிய வழக்கு அது. நம் வீட்டுக் கூடத்துக்கு அது சட்டமாகப் பொருந்துமோ பொருந்தாதோ, அளவுகோலாகப் பொருந்துகிறது. எலுமிச்சம்பழத்துக்குச் சக்தி உண்டா என்று நானும் அக்காவும் வாதாட வேண்டியதில்லை. அதை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்று பேசினால் போதும்.

அப்படித்தான் உட்கார்ந்து பேசினோம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். கழிப்பதென்றால் ஆள் வருவதற்கு முன்பே முடித்து, கையோடு எடுத்துப்போய்விட வேண்டும் என்று முடிவானது. அதற்காக ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வரும் இடைவெளியை மூன்று மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரமாக்கினேன். சாம்பிராணி போடலாம், ஆனால் புகை முழுக்கப் போகும்வரை சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கலாம். விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிப்போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, தீ நம்பிக்கை பார்க்காது. அவரே யோசித்து, “வெளிய துளசி மாடத்துல ஏத்திட்டுப் போறன்” என்றார். தங்கியவர் விட்டுப்போன கயிறு, தாயத்து, படம் எதுவானாலும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்து எனக்குச் சொல்ல வேண்டும். கேட்காமல் யார் நெற்றியிலும் திருநீறு பூசக் கூடாது. இதற்குத்தான் கொஞ்சம் முகம் சுருங்கினார். ஒரு பாட்டிக்குத் தலைவலி என்று பூசிவிட்டிருக்கிறார், அந்தப் பாட்டி சந்தோஷமாகவே பூசிக்கொண்டாராம். இருந்தாலும் கேட்டுவிட்டே பூசுவது என்று ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொருவருக்கும் பேச்சு வேறாக இருக்கும். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டுச் சிவப்பு உடுத்தியிருக்கும் பெண் அந்த நாட்களில் கறி சமைத்த பாத்திரத்தைத் தொட மாட்டார். அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேறு கை வேண்டும். ஜெபத்துக்குப் போகும் கிறித்தவப் பெண்ணிடம் பூஜை அறை விளக்கைத் துலக்கி ஏற்றச் சொல்வது வீட்டுக்காரன் செய்யும் தவறு, ஞாயிறு காலை வரச் சொல்வதும்தான். வேலைக்குச் சேரும் அன்றே கூலியோடு சேர்த்து இதையும் கேட்டுவிடலாம்: உங்களுக்கு எந்தெந்த நாள் ஆகாது, எதைத் தொட மாட்டீர்கள்?

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. கூவாகம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, உளுந்தூர்பேட்டை வட்டத்தில். சித்திரைத் திருவிழாவில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள். மறுநாள் வளையல் உடைத்து, தாலி அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு அறை இல்லை என்று சொல்ல, “வேலைக்கு வர்ற அம்மா சங்கடப்படுவாங்க” என்று காரணம் காட்டுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். அக்காவிடம் கேட்டபோது, “அவங்க கையால ஒரு ரூவா வாங்குனா அது தங்கும் தம்பி, எனக்கென்ன சங்கடம்?” என்றார். தன் அருவருப்பை வேலை செய்பவர் தலையில் கட்டுவது கேவலமான செயல். ஒருவேளை வேலை செய்பவருக்கே அப்படித் தோன்றினாலும் அறையை மறுக்க முடியாது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019 அதைத் தடுக்கிறது. சாதி பார்த்து ஓர் அறையைத் துடைக்க மாட்டேன் என்பதும் நம்பிக்கைக் கணக்கில் வராது. தீண்டாமையை அரசமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. அதே பிரிவு வீட்டுக்காரனையும் கட்டும். துடைக்க வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு அவர் எலுமிச்சம்பழத்தைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

கடந்த ஆடியில் அக்கா ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. பகலில் வந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் போய்விடுவேன் என்று பத்து நாள் முன்பே சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை தங்கியவர்கள் மலையிலிருந்து திரும்பவே ஐந்தரை மணியாகிவிட்டது. அக்கா கிளம்பிவிட்டார். இரவு எட்டு மணிக்கு அடுத்தவர்கள் வருகிறார்கள். துடைப்பத்தை நான் எடுத்தேன்.

இரண்டு அறை முடித்துக் கூடத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது, தெருவில் விளக்கு எரிந்தது. விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பது அக்கா கணக்கு. அப்படிப் பெருக்கியே ஆக வேண்டிய நாளில், கூட்டியதை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு விடிந்ததும் அள்ளுவார். என் கையில் முறம் இருந்தது, வாசல் கதவும் திறந்துதான் இருந்தது. காலையில் அக்கா வந்தால் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார். கதவுக்குப் பின்னால் குப்பையை ஒதுக்கி, அதன் மேல் முறத்தைக் கவிழ்த்து மூடிவிட்டு, கை கழுவப் போனேன்.