அசைபோடும் பிள்ளையை அதட்டாதீர்!

கொங்கு நாட்டில் காங்கேயம் மாட்டைக் கண்டிராதவர் யார்? கொறங்காட்டில் மேய்ந்தபின் வெள்வேல மர நிழலில் படுத்து, உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அது அசைபோடும். நான்கு அறை இரைப்பை கொண்ட மாட்டுக்கு அது இயல்பு. மனிதரும் அவ்வாறு செய்வதுண்டா?

உண்டு. என் மதரஸா வகுப்பில் சிறுவன் ஒருவன் ஓயாது எதையோ மென்றுகொண்டிருந்தான். மிட்டாய் என்றெண்ணி அதட்டினேன். மறுநாள் முதல் அவன் காலையில் உண்ணாமலே வரலானான். அவனுடைய தாயார் கண்கலங்கிச் சொன்ன பின்னரே, அவன் மென்றது முன்னர் உண்ட உணவையே என்பதை அறிந்தேன். கோவை மருத்துவர் ஒருவர் இது 'அசைபோடும் நோய்' என விளக்கினார்.

இந்நோய் புதிதன்று. இத்தாலியின் பதுவா நகர உடற்கூற்று அறிஞர் ஃபப்ரீசியுஸ் 1618இலேயே இதனைப் பதிவு செய்தார். மொரீஷியஸில் 1817இல் பிறந்த மருத்துவர் பிரவுன் செக்கார், இரைப்பை நீரை ஆராய்வதற்காக நூலில் கட்டிய கடற்பஞ்சை விழுங்கி வெளியே இழுத்தார். அச்சோதனைகளின் விளைவாக இந்நோய் அவரையே பற்றிக்கொண்டது!

நெடுங்காலம் இது பெரும்பாலும் கைக்குழந்தைகளின் கோளாறாகவே கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, எவ்வயதினர்க்கும் வரக்கூடிய உணவுக் கோளாறுகளின் வரிசையில் இதனைச் சேர்த்தது.

உண்ட சில நிமிடங்களில் வயிற்றுத் தசைகள் தாமாகவே இறுகுகின்றன. இரைப்பையில் அழுத்தம் மிகுந்து உணவு மேலெழுகிறது. குமட்டலோ ஓங்கரிப்போ இராது. உணவு புளிக்காததால் சிலர் மென்று விழுங்குவர், சிலர் உமிழ்வர். வாந்தி என்றோ நெஞ்செரிச்சல் என்றோ பிழையாகக் கருதப்படுவதும் உண்டு. கவனியாது விட்டால் உடல் மெலியும்; பற்கள் அரிபடும்; பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்தும் நேரலாம்.

இதற்கு முதன்மையான சிகிச்சை மூச்சுப் பயிற்சியே. ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்து, மார்பு அசையாமல் வயிறு மட்டும் எழுமாறு, உண்டவுடன் மெல்ல மூச்சிழுக்க வேண்டும். அவ்வாறு மூச்சு விடுகையில் வயிற்றுத் தசைகள் இறுக இயலாது. கைக்குழந்தைக்கோ, பாலூட்டும் வேளையில் தாயின் அணைப்பும் கவனமும் மருந்தாகும்.

பெற்றோரே! இது குறும்பன்று; பிள்ளை வேண்டுமென்றே செய்வதுமன்று. நான் அதட்டியது போல் நீங்களும் அதட்டிவிடாதீர்கள். வெட்கி மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அச்சிறுவன் இப்போது வயிறார உண்டுவிட்டே வகுப்புக்கு வருகிறான்.