கடைமடைக்கும் நீர் சேர வேண்டும்

வாய்க்காலின் முதல் மடையைத் தலைமடை என்றும், இறுதி மடையைக் கடைமடை என்றும் வழங்குகிறோம். தலைமடையில் உள்ளவருக்கு நீர் எளிதில் கிடைக்கும். கடைமடையில் உள்ளவருக்கு எஞ்சியதே கிடைக்கும். பாசனத்தின் சிக்கல் பெரும்பாலும் இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகிறது. சபாக் வட்டாரத்தில் வாழும் நாம் அதனைக் கண்முன்னே காணலாம்.

வடமேற்குச் சிலாங்கூரின் நெல்வயல்களுக்குப் பெர்ணம் ஆறே முதன்மையான நீராதாரம். அங்குள்ள தலைமதகில் திருப்பப்படும் நீர், கால்வாய் வழியே தெற்கே தெங்கி ஆற்றை அடைகிறது. பின்னர் முதன்மைக் கால்வாயில் புகுந்து, சாவா செம்பாடான், செகிஞ்சான் ஆகிய ஊர்களைக் கடந்து, வடக்கே பாகான் தெராப் வரை செல்கிறது. இவ்வளவு தொலைவு ஓடும் நீரில், தொடக்கத்தில் வீணாவது இறுதியில் பற்றாக்குறையாகிறது.

நெல்லுக்கு எந்நேரமும் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய மாற்றுமுறை வேறு வழி காட்டுகிறது. துளையிட்ட குழாய் ஒன்று வயலில் புதைக்கப்படும். அதனுள் நீர்மட்டம் மண்பரப்பிற்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பின்னரே மடை திறக்கப்படும். அந்த ஈரத்தை வேர் எட்டிவிடும். பூக்கும் பருவத்தில் நீரைத் தேக்கி வைப்பர். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமலே 30 விழுக்காடு வரை நீர் மிஞ்சும். மீத்தேன் வாயுவும் குறையும். குழாயில் உணர்கருவியைப் பொருத்தினால், நீர்மட்டத்தைக் கைப்பேசியிலேயே அறியலாம். ஆயினும், கேட்கும்போது நீர் வரும் என்னும் உறுதி இல்லாத உழவர் வயலைக் காயவிடமாட்டார். எனவே வயலில் மட்டுமன்றி, மதகிலும் கால்வாயிலும் அளவீடு தேவை.

குடிநீருக்கும் இது பொருந்தும். நமக்குத் தெற்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றில் 2020 செப்டம்பரில் மாசு கலந்தபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் இயக்கத்தை நிறுத்தின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. படிகாரம் கலங்கலைத் திரட்டிப் படியவைக்கும், மணல் வடிகட்டும், குளோரின் கிருமிகளைக் கொல்லும். ஆனால் நீரில் கரைந்துவிட்ட வேதிப்பொருளின் நாற்றம் இம்மூன்றையும் கடந்துவிடக்கூடும். கிளர்வூட்டிய கரி அதனை ஓரளவு ஈர்த்துக்கொள்ளும். மாசு மிகுந்தால் அதுவும் போதாது. ஆற்றின் மேற்பகுதியில் இடையறாது நீரைச் சோதிக்கும் கருவிகள் இருந்தால், மாசு நிலையத்தை அடையுமுன் எச்சரிக்கை கிடைக்கும்.

ஆகவே, புதிய தொழில்நுட்பம் நீரைப் படைப்பதில்லை. இருக்கும் நீரின் அளவையும் தன்மையையும் உரிய நேரத்தில் அறியச் செய்கிறது. அறிந்தபின் மடையை மூடுவதும் கழிவைத் தடுப்பதும் மனிதரின் கடமை. துளையிட்ட குழாயும் அளவுகோலும் கொண்டு பள்ளித் தோட்டத்திலேயே இச்சோதனையை ஆசிரியர்கள் நடத்தலாம். மண்ணுக்கடியில் நீர் இறங்குவதை நாள்தோறும் குறித்துவைக்கும் மாணவர், கடைமடை உழவரின் கவலையையும் உணர்ந்துகொள்வர்.