ஆம்பியர் குறைந்தது, யூனிட் குறையவில்லை

பவர் சேவர் என்ற பெயரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி பொருட்காட்சிகளிலும் ஆன்லைன் கடைகளிலும் பல ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருக்கிறது. கொசுவிரட்டி மெஷின் அளவுதான் இருக்கும். பிளக் பாயின்ட்டில் செருகினால் பச்சை விளக்கு எரியும். வீட்டில் வேறு எதையும் மாற்ற வேண்டாம், கரண்ட் பில் 30 சதவீதம், 40 சதவீதம் குறையும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். வாங்கியவர்களில் படித்தவர்கள் பலர். அவர்களிடம் இது ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் சொன்னால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் கண்முன்னால் மீட்டர் வைத்துக் காட்டித்தான் விற்றிருக்கிறார்கள். அந்த மீட்டர் காட்டியதும் உண்மை. உண்மையான ஓர் அளவைக் காட்டியே எப்படித் தவறான முடிவுக்குக் கொண்டுபோக முடிகிறது என்பதை டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

விற்பவர் செய்து காட்டுவது இதுதான். ஒரு பலகையில் பழைய டியூப் லைட் ஒன்றை, செம்புக் கம்பி சுற்றிய கனமான சோக்கோடு மாட்டியிருப்பார். அதற்குப் போகும் வயரைக் கிளாம்ப் மீட்டர் கவ்விக்கொண்டிருக்கும். 0.43 ஆம்பியர் காட்டும். பெட்டியைச் செருகுவார். 0.22 ஆகிவிடும். வெளிச்சம் துளியும் குறையாது. "பாதிக் கரண்ட் மிச்சம் சார்" என்பார். இதில் தில்லுமுல்லு எதுவும் தேவையே இல்லை. நல்ல கம்பெனி மீட்டரை நீங்களே கொண்டுபோய்க் கவ்வ விட்டாலும் அதே எண்கள்தான் வரும்.

இப்போது கணக்குப் போடுவோம். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். அதை 0.43 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 99 வருகிறது. ஆனால் அந்த டியூப் 40 வாட், சோக் சூடாவதில் இன்னொரு 10 வாட் போகும், மொத்தம் 50. 99க்கும் 50க்கும் இடையில் கிடக்கிற அந்த வித்தியாசத்தில்தான் இந்த வியாபாரம் முழுக்க நடக்கிறது.

பேட்டரி மின்சாரமாக இருந்தால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியதும் வாட் கிடைத்துவிடும். வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம், நொடிக்கு 50 சுற்று. சோக் என்பது இரும்புத் தகடுகள் மேல் சுற்றிய கம்பிச்சுருள். மின்னோட்டம் ஏறும்போது காந்தப்புலம் உருவாக அது ஆற்றலை வாங்கிக்கொள்கிறது; இறங்கும்போது காந்தப்புலம் சரிந்து, வாங்கிய ஆற்றல் வந்த வயர் வழியே திரும்பிப் போகிறது. ஒரு நொடியில் 100 தடவை இப்படி நடக்கிறது. தெருக்கோடி அண்ணாச்சி கடையில் காலையில் நூறு ரூபாய் கைமாற்று வாங்கி, மாலையில் அதே நூறைத் திருப்பிக் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ரூபாய் போய் வந்துகொண்டே இருக்கும். அண்ணாச்சியின் நோட்டில் பற்று எதுவும் நிற்காது. கிளாம்ப் மீட்டர் தெருவில் நின்றுகொண்டு போகிற வருகிற ரூபாயையெல்லாம் எண்ணுகிறது. மின்வாரியத்தின் மீட்டரோ அந்தப் பற்று நோட்டு.

பெட்டிக்குள் இருப்பது ஒரு கண்டென்சர். சீலிங் ஃபேனில் இருக்குமே, ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் எலக்ட்ரீஷியன் முதலில் மாற்றுவாரே, அதே இனம். அதுவும் ஆற்றலை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான். ஆனால் அதன் நேரம் சோக்கின் நேரத்துக்கு நேர் எதிர். சோக் கேட்கும் கணத்தில் கண்டென்சர் கொடுக்கிறது. சோக் திருப்பும் கணத்தில் கண்டென்சர் வாங்கிக்கொள்கிறது. கைமாற்று பக்கத்து வீட்டிலேயே முடிந்துவிடுவதால் கடைவரைக்கும் யாரும் நடக்க வேண்டியதில்லை. வயரில் ஓடும் ஆம்பியர் குறைந்தது இதனால்தான்.

எவ்வளவு குறைந்தது என்பதைக் கவனியுங்கள். 50 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.217 ஆம்பியர். மீட்டர் இறங்கி நின்ற 0.22 இதுதான். எவ்வளவு பெரிய கண்டென்சரைப் போட்டாலும் இதற்குக் கீழே போகாது, ஏனென்றால் ஒளியாகவும் வெப்பமாகவும் உண்மையிலேயே செலவாகிற 50 வாட் இது. பெட்டி இல்லாதபோதும் நமக்கு பில் வந்தது இந்த 50 வாட்டுக்கு மட்டுந்தான். பொறியாளர்கள் இந்த 50க்கும் 99க்கும் உள்ள விகிதத்தைத் திறன்காரணி, அதாவது பவர் ஃபேக்டர் என்கிறார்கள். பெட்டி அதை 0.5லிருந்து 1க்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. நமக்கு வேண்டிய வேலை அது இல்லை.

வீட்டு மீட்டர் இந்தக் கைமாற்றுக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிடாதா என்ற சந்தேகம் நல்ல சந்தேகம். மாறுமின்சார மீட்டரை வடிவமைத்தவர்களுக்கும் அதே கவலை இருந்தது. ஹங்கேரிப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி 1889இல் செய்து காட்டிய மீட்டரும், அதன் வழியில் வந்து நம் வீட்டுச் சுவர்களில் நூற்றாண்டுக் காலம் சுழன்ற அலுமினியத் தட்டு மீட்டர்களும் உண்மையான வாட்டுக்கு மட்டுமே சுற்றும்படி அமைந்தவை. இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர் ஒவ்வொரு கணமும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆற்றல் திரும்பிப் போகிற கணத்தில் பெருக்குத்தொகை எதிர்க்குறியாகித் தானே கழிந்துவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு யூனிட் என்று கணக்கிடுவது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுகிற செலவை. ஆம்பியருக்கு அதில் தனி இடம் கிடையாது.

விற்பவர் எதிரிலேயே கேட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் செருகச் சொல்லுங்கள். உள்ளே 4.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்தால், கிளாம்ப் மீட்டர் மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர் காட்டும். எதுவுமே எரியவில்லை, ஆனால் ஆம்பியர் ஓடுகிறது. ஆம்பியரை வோல்ட்டால் பெருக்குகிற அவருடைய கணக்குப்படி, மிச்சம் பிடிக்கிற பெட்டி தானே 75 வாட் தின்கிறது! அதுவும் உண்மையில்லை, மின்வாரிய மீட்டர் அதற்குக் காசு கேட்காது. இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே மேசையில் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு ஆம்பியர் வேறு, செலவு வேறு என்பது வாழ்நாளுக்கும் மறக்காது. பள்ளிக்கூட ஆய்வகங்களில் இதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. செம்புச் சோக் போட்ட டியூப் லைட் இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? எல்.இ.டி. பல்புகளில் திறன்காரணி குறைந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் மின்னோட்டத்தின் வடிவமே சிதைவது. அதைக் கண்டென்சர் சரிசெய்யாது. எல்.இ.டி.யும் டிவியும் மட்டும் ஓடுகிற நேரத்தில் இந்தப் பெட்டியைச் செருகினால் மொத்த ஆம்பியர் கூடவே செய்யும்.

அப்படியானால் கண்டென்சரால் பயனே இல்லையா? நிறைய உண்டு, இடம்தான் வேறு. பெரிய மோட்டார்கள் ஓடும் ஆலைகளில் வீணாக ஓடும் ஆம்பியர் கேபிளையும் டிரான்ஸ்பார்மரையும் சூடாக்கும். உயரழுத்த இணைப்புகளுக்குக் கே.வி.ஏ. அளவில், அதாவது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவில், கட்டணமும் உண்டு. அங்கே கண்டென்சர் அடுக்குகள் போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும். வீட்டுக்குள் அந்தச் சேமிப்பு எவ்வளவு என்றும் நேர்மையாகப் பார்த்துவிடலாம். மீட்டரிலிருந்து விளக்குவரை வயரின் தடை அரை ஓம் என்று வைத்தால், ஆம்பியர் பாதியாவதால் மிச்சமாவது 0.07 வாட். தினம் ஆறு மணி நேரம் என்று இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு. பெட்டியின் பச்சை விளக்குச் சுற்றே அதைத் தின்றுவிடக்கூடும்.

"எங்கள் வீட்டில் நிஜமாகவே பில் குறைந்ததே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், இந்தப் பெட்டியை எப்போது வாங்குவோம்? ஏப்ரல், மே வெயிலில் ஏசியும் ஏர்கூலரும் ஓடி, பில்லைப் பார்த்து நெஞ்சு பதறும்போது. அடுத்த இரண்டு மாதத்தில் வெயில் தணிகிறது, பில் தானாக இறங்குகிறது, புகழ் பெட்டிக்குப் போகிறது. அதோடு, காசு கொடுத்து வாங்கியவர் கொஞ்ச நாளைக்கு ஆளில்லாத அறை ஃபேனையும் அணைப்பார். கட்டண அடுக்கு வேறு சேர்ந்துகொள்ளும்: முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் வேறு விகிதம் என்று இருக்கும்போது, 510லிருந்து 490க்கு வந்தாலே தொகை கணிசமாகக் குறையும். முந்தைய பில்லையும் அடுத்த பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சோதனையே ஆகாது.

சோதனை செய்யக் கருவி வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மின்வாரிய மீட்டரே போதும். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும், 3200 என்றோ 1600 என்றோ. இரண்டு விளக்கு இருந்தால் கிலோவாட்-மணி என்று குறித்திருக்கும் விளக்கைப் பாருங்கள். 3200 என்றால், இரண்டு மின்னலுக்கு இடையில் எத்தனை நொடி என்று எண்ணி, 1125ஐ அந்த எண்ணால் வகுத்தால் வாட் வந்துவிடும். 36,00,000ஐ 3200ஆல் வகுத்து வந்ததுதான் அந்த 1125; உங்கள் மீட்டரில் எண் வேறு என்றால் அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். 1500 வாட் ஹீட்டர் போட்டால் முக்கால் நொடிக்கு ஒரு மின்னல். 75 வாட் சீலிங் ஃபேன் மட்டும் ஓடினால் 15 நொடிக்கு ஒன்று.

ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை ரூட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு சாதனத்தை ஓட விடுங்கள். இன்வெர்ட்டரை முக்கியமாகப் பாருங்கள், பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கைக் குழப்பிவிடும். பத்து மின்னலுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சில் குறியுங்கள். மேலே சொன்ன டியூப் லைட்டுக்கு 225 நொடி ஆகும். பெட்டியைச் செருகியும் எடுத்தும் மாற்றி மாற்றி எடுங்கள்; மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதால் முதலில் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை என்று முடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். செருகியிருக்கிறதா இல்லையா என்பது மீட்டர் பக்கம் நிற்பவருக்குத் தெரியாமல் இன்னொருவர் உள்ளே நின்று செருகினால் இன்னும் நல்லது. மருந்துகளைச் சோதிப்பவர்கள் கடைப்பிடிக்கிற அதே ஒழுங்கு இது, வீட்டுத் திண்ணையிலும் கடைப்பிடிக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக் பாயின்ட்டிலிருந்து பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 325 வோல்ட்வரை நிற்கலாம். பிளக்கின் முள்களைத் தொட்டாலே நன்றாகத் தூக்கிப்போடும். பழைய குண்டு பல்பின் ஹோல்டர் வயர்களை, உறை போட்ட பகுதியைப் பிடித்துக்கொண்டு, இரு முள்களிலும் சில நொடிகள் வைத்து எடுத்தால் வடிந்துவிடும். உள்ளே கண்டென்சர், நாலைந்து டயோடு, ஓரிரு ரெசிஸ்டர், பச்சை எல்.இ.டி. இவ்வளவே இருக்கும், சிலவற்றில் விளக்குச் சுற்று மட்டும்.

இதே மின்னல் கணக்கை உண்மையாக மிச்சம் பிடிக்கிற பொருளுக்கும் போட்டுப் பாருங்கள். பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28 வாட் என்று அட்டையில் சொன்னால், மின்னலுக்கு மின்னல் 40 நொடி ஆக வேண்டும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழைய ஃபேனுக்கு 54 யூனிட், இதற்கு 20. விளம்பரம் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி. இரண்டு விளம்பரத்தையும் ஒரே கடிகாரத்தால் அளந்தோம்.

நின்று எண்ணுவது அலுத்துப்போனால் சாலிடரிங் அயர்னை எடுக்கலாம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஆர்டுயினோ நானோ என்ற சின்னப் புரோகிராம் போர்டும், ஒரு போட்டோ டிரான்சிஸ்டரும், 10 கிலோஓம் ரெசிஸ்டரும் கிடைக்கும். எல்.டி.ஆர். என்ற ஒளியுணர் ரெசிஸ்டரிலும் செய்யலாம், ஆனால் அது கொஞ்சம் மந்தம். குறுகிய மின்னல்களைத் தவறவிடும். போட்டோ டிரான்சிஸ்டரை மீட்டரின் கண்ணாடிக்கு வெளியே, அந்தச் சிவப்பு விளக்குக்கு நேராகக் கறுப்பு டேப்பால் ஒட்டுங்கள், வெயில் புகாமல். மீட்டர் மூடியையோ சீலையோ தொடவே கூடாது, அது சட்டப்படி குற்றம். இந்த வேலைக்குத் தொட வேண்டிய தேவையும் இல்லை. 230 வோல்ட் பக்கம் கையே போகாததால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். மின்சாரத்துக்கு ஐந்து வோல்ட் போன் சார்ஜரைக் கொடுங்கள். பவர் பேங்க் பலவும், இவ்வளவு சொற்ப மின்னோட்டத்துக்குத் தாமாகவே அணைந்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை மின்னல் என்று நானோவின் நினைவகத்தில் குறித்துக்கொண்டு போனால் மறுநாள் காலையில் வீட்டின் இரவு முழுவதும் வரைபடமாகக் கிடைக்கும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் எத்தனை மணிக்கு எழுந்தது, எவ்வளவு நேரம் ஓடியது, யாரும் பார்க்காத செட்டாப் பாக்ஸ் எவ்வளவு இழுத்தது எல்லாம் அதில் தெரியும். உங்கள் மீட்டரில் 3200க்குப் பதில் 1600 இருந்தால் புரோகிராமில் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும்.