தரச் சான்றால் மாடு வளர்ப்போர்க்குப் பயன் உண்டா?

தர முத்திரை வாங்குவோர்க்கு நம்பிக்கை அளிக்கிறது. அதற்காகச் செலவு செய்யும் உற்பத்தியாளர்க்கு என்ன பயன்? இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பிரிட்டிஷ் விவசாயிகளின் அனுபவத்தைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்போம்.

மாடுகளைப் பீடித்த மூளை நோய் மனிதர்க்கும் பரவியிருக்கக் கூடும் என்று 1996 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு மாட்டிறைச்சிக்கு உடனே தடை விதித்தது. தம் மந்தையில் நோயையே காணாதவர்களும் வெளிநாட்டுச் சந்தையை இழந்தனர். மக்களின் நம்பிக்கையை மீட்பது அனைவர்க்கும் பொதுக் கவலையாயிற்று.

2000-ஆம் ஆண்டில் 'ரெட் டிராக்டர்' முத்திரை தோன்றியது. தீவனம், மருந்துக் கணக்கு, கால்நடைகளின் நலம் ஆகியவற்றைச் சோதனையாளர்கள் பண்ணைக்கே வந்து பார்க்கின்றனர். கட்டணத்தை விவசாயியே செலுத்த வேண்டும்.

இம்முத்திரையைப் பெற, மாடு தன் கடைசி 90 நாட்களைச் சான்று பெற்ற பண்ணைகளில் கழித்தாற் போதும். ஆகவே, கன்றுகளை வளர்த்து விற்பவர் சான்றின்றியும் விற்கலாம். அவற்றைக் கொழுக்க வைத்து இறைச்சிக்கூடத்திற்கு அனுப்புபவர்க்கே சான்று இன்றியமையாதது. 'ஸ்காட்ச் பீஃப்' என்ற பெயருக்கோ பிறப்பு முதலே சான்று வேண்டும். அங்கே கன்று வளர்ப்பவரும் அதைப் புறக்கணித்தல் இயலாது.

இதனால் நாம் அறிவது யாது? சான்று தன்னளவில் இலாபம் தருவதன்று. வாங்குபவர் கேட்கும்போதே அதற்கு மதிப்பு உண்டாகிறது. பெரிய அங்காடிகளை நம்பியிருப்பவர்க்கு அச்செலவு தவிர்க்க முடியாதது. அறிந்த அண்டை அயலார்க்கே விற்பவர்க்கு அவரது நற்பெயரே போதுமானதாகலாம். எனவே, தம் மாட்டை வாங்குபவர் யாவர் என்பதை முதலில் ஆராய்ந்து, அதன்பின் கட்டணத்தைச் செலுத்துவதே அறிவுடைமையாகும்.