கல்ச்சரில் சிக்காத நீர்க்கடுப்பு

விடியுமுன் தேனி மாவட்டத்தின் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு நீர்க்கடுப்பு புதிதல்ல. தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடைக்காது என்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கடுத்தால் ‘சூடு’ என்று இளநீர், வெந்தயம். அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக்கடை மாத்திரை. பெரும்பாலும் காரணம் ஈ.கோலை போன்ற பாக்டீரியாதான். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கிவிடும்.

சிலருக்கு அடங்குவதில்லை. சிறுநீரில் சீழ் செல்கள் இருப்பதாக ரிப்போர்ட் சொல்லும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலோ எதுவும் வளர்ந்திருக்காது. சிறுநீரகக் காசநோய், கிளமிடியா என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்திருந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியையும் நினைக்க வேண்டும். உடலுறவு வழியே பரவும் ஒற்றைச்செல் உயிரி இது. 2020இல் உலகம் முழுவதும் 15.6 கோடிப் பேருக்குப் புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. வழக்கமான சிறுநீர் கல்ச்சர் பாக்டீரியாவை வளர்ப்பதற்கானது. டிரைக்கோமோனாஸ் அதில் வளராது.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம். வால் போன்ற இழைகளை அடித்துக்கொண்டு துடித்து நகரும்போது எளிதில் தெரியும். ஆனால் மாதிரி எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அசைவு குறைந்துவிடும். அசையாமல் கிடந்தால் வெள்ளையணுவுக்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இந்தச் சோதனை தவறவிடுகிறது.

டிஎன்ஏ சோதனைக்கு அந்தக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. அதற்கே உரிய டிஎன்ஏ துண்டு சிறுநீரில் இருந்தால் பிசிஆர் முறை அதை மட்டும் பிரதி எடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகி, 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். அப்போது கருவிக்குத் தெரிந்துவிடும். இந்தத் தொழில்நுட்பம் தேனிக்குப் பழக்கமானதுதான். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் கொரோனாவைக் கண்டறியத் தொடங்கிய முதல் சில ஆய்வகங்களில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் ஒன்று. சளியில் காசநோயைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியிலேயே, அதற்கென உள்ள கார்ட்ரிட்ஜைப் போட்டால் சிறுநீரில் டிரைக்கோமோனாஸைத் தேட முடியும். பெரிய தனியார் ஆய்வகங்கள் பால்வினைத் தொற்றுகளுக்கான பிசிஆர் தொகுப்பில் இதையும் சேர்த்துப் பார்க்கின்றன.

சிறுநீர் பிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கல்ச்சருக்குக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். டிஎன்ஏ சோதனைக்கு நேர்மாறு. ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, கழுவாமல், முதலில் வரும் 20 முதல் 30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். கிருமி அதில்தான் அதிகம். டப்பா நிறையப் பிடித்தால் நீர்த்துப்போகும். பெண்களுக்கு உள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரி இன்னும் கொஞ்சம் துல்லியமானதுதான். ஆனால் உள்பரிசோதனைக்குக் கூசி ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவருக்குச் சிறுநீர்ச் சோதனை எவ்வளவோ மேல்.

இன்னும் சில ஒட்டுண்ணிகளும் சிறுநீரில் தடயம் விடும். யானைக்கால் புழுவால் சிலருக்குப் பால்போல் சிறுநீர் போகும். சிறுநீரில் ரத்தம் வரவைக்கும் சிஸ்டோசோமா புழு ஆப்பிரிக்காவில் அதிகம். இந்தியாவில் 1952இல் மகாராஷ்டிரத்தின் கிம்வி கிராமத்தில் பதிவானது. நம் பக்கத்தில் இவற்றைவிட டிரைக்கோமோனாஸைத்தான் முதலில் தேட வேண்டும்.

சிகிச்சை மலிவு: மெட்ரோனிடசோல் மாத்திரை, பெண்களுக்கு வழக்கமாக ஏழு நாள். துணைவரும் சாப்பிட்டாக வேண்டும். ஆண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது, இவர் குணமானாலும் அவரிடமிருந்து மறுபடி தொற்றும். சிகிச்சை முடிந்த கையோடு மறுசோதனை வேண்டாம்; செத்த கிருமியின் டிஎன்ஏ சில வாரம் தங்கி, நோய் இருப்பதாகக் காட்டிவிடும். மூன்று மாதத்தில் பார்த்தால் போதும்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் யாரையும் விசாரிக்கக் கூடாது. இந்தத் தொற்று மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ ஆபத்தையும், எச்ஐவி தொற்றும் வாய்ப்பையும் டிரைக்கோமோனாஸ் கூட்டுகிறது. அடிக்கடி கடுப்பு வந்து, கல்ச்சரிலும் ஒன்றும் வராவிட்டால், அடுத்த ஆன்டிபயாடிக் வாங்குமுன் பால்வினைத் தொற்றுகளுக்கென அரசு மருத்துவமனையில் உள்ள சுகவாழ்வு மையத்துக்குத் தம்பதியாகப் போய் வாருங்கள். அங்கே சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை.